குவேயூ

கியூ என்ற சொல்லை விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன். ரேஷன் கடையில் கியூ, செந்துறை ஆஸ்பத்திரியில் கியூ, சீசன் வந்துவிட்டால் எறையூர் ஆலை வாசலில் கரும்பு லோடோடு அப்பா டிராக்டர் நிற்கும் கியூ. போனில் அம்மா அவரிடம் முதலில் கேட்பதே கியூ நகருதா என்றுதான். அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தமிழ்ச்சொல் என்றே நினைத்திருந்தேனோ என்னவோ.

பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது வரை ஊர்ப் பள்ளிக்கூடம், தமிழ் மீடியம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் மேடம் இன்னும் நடத்தாத பகுதிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து செமினார் எடுக்கச் சொன்னார். எனக்கு வந்த தலைப்பு இங்கிலீஷில் ஐந்தே எழுத்து, அதில் நாலு உயிரெழுத்து. கேள்விக்கான இங்கிலீஷ் சொல்லில் வருகிற 'குவே', வேல்யூவில் வருகிற 'யூ'. கூட்டிப் பார்த்துக்கொண்டேன். யாரையும் கேட்கத் தோன்றவில்லை. பாடத்தைப் புத்தகத்திலிருந்து அப்படியே நெட்டுரு போட்டேன். முதலில் வந்தது முதலில் வெளியே போகும், அவ்வளவுதான் விஷயம். ரொம்ப சுலபமான தலைப்பு என்று சந்தோஷம் வேறு.

மறுநாள் மேடையேறி, வணக்கம் சொல்லி, இன்றைக்கு நான் பேசப்போவது குவேயூ பற்றி என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். எனக்குக் காரணம் புரியவில்லை, துப்பட்டாவைச் சரிசெய்தேன். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு, அது கியூம்மா என்றார். அந்தச் சொல் அந்த எழுத்துகளுக்குள் எங்கே இருக்கிறது என்று திரும்பி ஸ்லைடையே பார்த்தேன். அதற்கும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத ஆசைதான். கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கோபத்தை விட வெட்கம் பெரிதாக இருந்தது.

அதோடு விட்டார்களா? கல்லூரிப் பேருந்தில் ஏறும்போது, குவேயூல வாங்க, குவேயூல வாங்க என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். கேண்டீனில் வரும். என் பெயரே அதுவாகிப் போனது. நான் டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். பிறகு போகாமலும் இருந்தேன். கடைசியில் படிப்பை நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். அதை அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அப்பாவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று, பெரம்பலூரில் பஸ் மாறி எறையூருக்குப் போனேன்.

ஆலை வாசலிலிருந்து வெகுதூரம் வரைக்கும் டிராக்டர்கள் நின்றன. அப்பா பாதி வழியில், டிரெய்லர் நிழலில் வேறு டிரைவர்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "எம்பொண்ணு. கம்ப்யூட்டர் படிக்குது" என்றார். இந்த நேரத்தில் ஏன் வந்தேன் என்றுகூடக் கேட்கவில்லை.

ஒரு டிரைவர் இப்போது என்ன பாடம் ஓடுகிறது என்று கேட்டார். வாயில் வேறொன்றும் வரவில்லை. கியூ என்றேன்.

"கியூவுல நிக்கிறதுக்கா காலேஜு? எங்ககூட வந்து நின்னா போதுமே பாப்பா" என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வகுப்பில் வாசித்த விதத்துக்குச் சிரிப்பு, இங்கே சொல்லுக்கே சிரிப்பு. இந்தச் சனியன் பிடித்த சொல்லை வைத்துக்கொண்டு எங்கேதான் போவது என்றிருந்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நமக்கு நிக்கத்தான் தெரியும். அதுக்கு எழுதத் தெரியும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதிக் காட்டு பாப்பா" என்றார்.

டிராக்டர் மட்கார்டில் புழுதி படிந்திருந்தது. விரலால் ஐந்து எழுத்தையும் பெரிதாக எழுதினேன். அப்பா குனிந்து பார்த்தார். நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி, சத்தமாக, நிதானமாக வாசித்தார்.

"கு... வே... யூ. குவேயூ."

எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு, என் தொண்டையில். விழுங்கிவிட்டேன், ஆனால் வந்தது வந்ததுதான். அத்தனை நாள் பட்ட அவமானத்தில் எதுவும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது.

"சரியா?" என்றார்.

"நானும் அப்படித்தாம்ப்பா படிச்சேன். க்ளாஸ்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் வந்த காரணம் புரிந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. உடனே திரும்பி, தான் வாசித்தது மற்ற டிரைவர்கள் காதில் விழுந்ததா என்று பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து மட்கார்டைத் துடைத்தார். எழுத்து போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

முன்னால் வண்டிகள் நகர்ந்தன. அப்பா ஏறி உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குக் காலேஜ் இருக்குமே என்றார். இருக்குப்பா என்றேன்.

அதற்குப் பிறகு அப்பா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்கவில்லை. போனில் அம்மா கியூ நகருதா என்று கேட்டால், லைன் நகருது என்கிறார்.