கொக்கு படம் போட்ட சவுக்காரம்

அது கொக்கு. இத்தனை வயதுக்குப் பிறகும் சொல்கிறேன், அது கொக்குதான். செதுக்கியவள் நான். எனக்குத் தெரியாதா?

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் கடா மாநிலத்தில் ஒரு கட்டி நல்ல சவுக்காரத்துக்கு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். கப்பலில் வந்த சரக்கு சீக்கிரமே தீர்ந்துபோனது. அப்புறம் ஆளாளுக்கு எண்ணெயையும் சாம்பல் தண்ணீரையும் காய்ச்சிச் சவுக்காரம் என்று விற்க ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் அதில் மரவள்ளிக் கிழங்கு மாவைக் கலந்தார்கள். அதைப் போட்டுத் துவைத்தால் அழுக்கு அப்படியே இருக்கும், பாவாடை மட்டும் விறைத்துக்கொண்டு தானாக நிற்கும்.

பீடோங்கில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், கலப்படம் இல்லாமல் காய்ச்சினார். சுங்கை லாலாங் பக்கம் எங்கள் தோட்டம். அங்கிருந்து ரப்பர் விறகுச் சாம்பலை மூட்டை கட்டிச் சுமந்துபோய் அவருடைய கொட்டகையில் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். அப்பா சண்டை வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையில், அந்த லயத்தில், நானும் அம்மாவும்தான்.

ஒரு நாள் நான் மூட்டையை இறக்கியபோது தவுக்கே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவர் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"என் சவுக்காரமும் மஞ்சள். பக்கத்துல விக்கிற மாவு சவுக்காரமும் மஞ்சள். வாங்குறவனுக்கு எது எதுன்னு தெரியல. ஒரு சாப் போடணும் தங்கச்சி. சுங்கைப்பட்டாணியில போர்டு எழுதுறவர கூப்பிடப் போறேன்."

"நான் போட்டுத் தர்றேன் தவுக்கே," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

சாப் என்றால் சரக்கின் மேல் ஒட்டுகிற அடையாளப் படம். மலாய்க்காரருக்கு ஓர் எழுத்து, சீனருக்கு ஓர் எழுத்து, நமக்கு ஓர் எழுத்து. பாதிப் பேருக்கு எந்த எழுத்தும் தெரியாது. யானையா, கப்பலா என்று படத்தைச் சொல்லித்தான் கடையில் கேட்பார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தப் படங்களின் மேல் பைத்தியம். மற்றப் பிள்ளைகள் காலித் தீப்பெட்டியில் வண்டி செய்து விளையாடுவார்கள். நான் அதன்மேல் ஒட்டிய தாளை நனைத்து உரித்துச் சேர்த்து வைப்பேன். இதை வரைவதற்கென்று எங்கோ ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு அதுதான் வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு என்று நினைத்தாலே உடம்பெல்லாம் பரபரக்கும். ஜப்பான் நோட்டு வந்தபோது ஊரெல்லாம் இது செல்லுமா செல்லாதா என்று கவலைப்பட்டது. அதில் போட்டிருந்த வாழைமரத்தின் இலையை இன்னும் கொஞ்சம் சாய்த்திருக்கலாமே என்று நான் கவலைப்பட்டேன்.

தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார். போர்டு எழுதுகிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், இவளுக்கு ஒரு கட்டிச் சவுக்காரம் போதும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

"பன்றி வேணாம், மலாய்க்காரங்க தொடமாட்டாங்க. மாடு வேணாம், மாட்டுக் கொழுப்புன்னு ஒங்க ஆளுங்க ஓடிருவாங்க. சாமி வேணாம். சூரியன் வேணவே வேணாம், ஜப்பான்காரன் வந்து நின்னு கேள்வி கேப்பான். மத்தது எதுனாலும் போடு லா."

வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் மத்தது எது, மத்தது எது என்றே மண்டைக்குள் ஓடியது. சாலை ஓரத்துச் சதுப்பில் கொக்குகள் நின்றன. நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற பறவை, ஆனால் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டவில்லை. சவுக்காரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நடுச் சாலையில் நின்று கையைத் தட்டினேன். கொக்குகள் பறந்துவிட்டன.

அம்மாவிடம் சொன்னபோது அம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது, தலையைத் தூக்கவில்லை.

"சவுக்காரத்துக்குப் படம் போடுறது ஒரு வேலையாடி?"

அம்மாவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தோட்டத்தில் ரப்பரை வாங்க ஆள் இல்லை. கிழங்கு நடக் காட்டை வெட்டும் வேலை தொடங்கவிருந்தது. காலைப் பெரட்டு வரிசையில் மேஸ்திரி மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும்போது வந்து நின்றவர்களுக்குத்தான் அரிசிப் பங்கு. நான் நிற்காவிட்டால் எங்கள் வீட்டுக்கு ஒரு பங்கு குறையும்.

"காடு வெட்டத் தொடங்குற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள தவுக்கே வீட்டு அரிசி நம்ம பானையில விழணும். இல்லாட்டி பேசாம வந்து பெரட்டுல நில்லு," என்றது அம்மா.

எனக்கு அது போதும். இனி அச்சுக்கு ஒரு கட்டை வேண்டும். வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிப்போன பங்களாவைக் கூட்டப் போன அம்மா ஒரு ஜோடிச் சப்பாத்தைத் தூக்கி வந்திருந்தது. லயத்தில் யார் காலுக்கும் அது சேரவில்லை. சும்மா மூலையில் கிடந்தது. புரட்டிப் பார்த்தால் குதிகாலில் மட்டும் தடிப்பாக மெத்தென்ற ரப்பர். எங்கள் மரத்துப் பால்தான் சீமைக்குப் போய்ச் சப்பாத்தாகத் திரும்பி வந்து என் மடியில் உட்கார்ந்திருந்தது. இடது சப்பாத்தின் குதிகாலை அறுத்தெடுத்து, உடைந்த பிளேடை மூங்கிலில் செருகி, செதுக்க உட்கார்ந்தேன். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவி, ஆபீஸில் வேண்டாமென்று கொட்டிய பழைய தாளின் மறுபக்கத்தில் வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தபோது தாளில் ஒரு பறவை இருந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி ஒரு பறவை. தீப்பெட்டிப் படம் வரைந்தவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும். லயத்துப் பெண்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு குறை. கொக்கின் கால்களை மெல்லிய கோடாகச் செதுக்கியிருந்தேன். அழுத்தும்போது ரப்பர் வளைந்து இரண்டு காலும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. பறவைக்குக் கீழே ஒரு கறுப்புக் கறை மட்டும் விழுந்தது. போகட்டும், சேறு மாதிரி இருக்கிறது, சேற்றில் நிற்கிற கொக்குதானே என்று விட்டுவிட்டேன்.

தவுக்கே தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், சரி என்றார். வாழைச் சருகில் சுற்றிய ஒவ்வொரு கட்டியின் மேலும் கஞ்சி தடவி ஒட்டினோம். ஞாயிற்றுக்கிழமை சுங்கைப்பட்டாணி பசாரில் விற்க என்னையே உட்கார வைத்தார். முதல் வாரம் சுமாராகப் போனது. இரண்டாம் வாரம், கடை விரித்த உடனே ஒரு மலாய்க்கார அம்மா கூடையோடு வந்து நின்றாள்.

"சாபுன் இத்திக் ஆடா?"

இத்திக் என்றால் வாத்து. வாத்து சவுக்காரம் இருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை என்று நான் தலையாட்டுவதற்குள் அவள் என் கொக்கைக் கையில் எடுத்து, இதோ இருக்கிறதே என்றாள். அடுத்து ஒரு சீனக் கிழவி இரண்டு கையையும் மடக்கி அடித்து வாத்து நடப்பதுபோல நடந்து காட்டி வாங்கிப் போனாள். பின்னாலேயே சிடாம் கிரியிலிருந்து வந்த தமிழ்க்காரி ஒருத்தி, "அந்த வாத்து சவுக்காரத்துல ரெண்டு குடு தங்கச்சி, நல்லா நுரைக்குது," என்றாள்.

"அது வாத்து இல்லக்கா. கொக்கு."

"கொக்குக்குக் கால் இருக்குமே. இது தண்ணியில மெதக்குது பாரு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் சேறு என்று நினைத்த கறை ஊருக்கெல்லாம் தண்ணீராகத் தெரிந்திருக்கிறது. கால் இல்லாமல் தண்ணீரில் உட்கார்ந்திருந்தால் வாத்தல்லாமல் என்ன? அதுவும் சவுக்காரத்துக்கு வாத்து. சாக்கடையைக் கண்டால் விடாத பறவை! மதியத்துக்குள் சரக்கு முழுவதும் விற்றுப்போனது. நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

தவுக்கேக்கு ஒரே சந்தோஷம். "வாத்துன்னா வாத்து. அடுத்த தடவ நல்ல வாத்தா போடு."

"நான் வாத்து போடமாட்டேன். கால் தெரியிற மாதிரி கொக்க சரிபண்ணித் தர்றேன்."

"விக்கிறது வாத்து, தங்கச்சி."

"நான் போட்டது கொக்கு, தவுக்கே."

அவர் காசை எண்ணி மடியில் முடிந்துகொண்டார். போர்டு எழுதுகிறவரை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். என் வாய் என் சோற்றைத் தட்டிவிட்டது. அம்மா திட்டவில்லை. மூலையில் கிடந்த வெட்டுக்கத்தியை எடுத்து எனக்கென்று தீட்டத் தொடங்கியது. திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

போர்டு எழுதுகிறவர் நல்ல மனிதர். "இப்பல்லாம் இங்கிலீஷ் எழுத்த அழிக்கத்தான் என்னைக் கூப்பிடுறாங்கம்மா, எழுத யாரும் கூப்பிடுறதில்ல," என்று என்னிடமே சொன்னார். அவர் பலகையில் செதுக்கிக் கொண்டுவந்த வாத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இறகு இறகாக எண்ணலாம், மூக்கில் துளை தெரிகிறது, தண்ணீரில் வளையம் வளையமாக அலை. அழகென்றால் அப்படி ஓர் அழகு. சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ரொம்ப நல்லாருக்குண்ணே," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பசாரில் விற்க நான் போனது வெறும் வீம்புக்குத்தான். மறுநாள் திங்கட்கிழமை காடு வெட்டத் தொடங்கியிருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டதால் மண்டோர் ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தார்.

கூடைக்கார அம்மா வந்தாள். அழகு வாத்தை எடுத்தாள், கட்டைவிரலால் தேய்த்தாள், மூக்கருகில் கொண்டுபோனாள். "இனி தீப்பூ," என்று கீழே வைத்துவிட்டாள். இது ஏமாற்று என்கிறாள். சீனக் கிழவி கையில்கூட எடுக்கவில்லை. சிடாம் கிரிக்காரி என்னைக் கடிந்துகொண்டாள்.

"நீயுமா தங்கச்சி மாவு கலக்க ஆரம்பிச்சிட்ட?"

"அதே சவுக்காரம்தான்க்கா. படம் மட்டும்தான் வேற."

"நல்ல சவுக்காரத்து வாத்துக்குக் கீழ ஒரு கறை இருக்கும். அந்தக் கறையப் பாத்துத்தான் நாங்க வாங்குறோம். இதுல எங்க?"

கறை. என் கறை! நான் தப்பென்று நினைத்து வெட்கப்பட்டது பசார் முழுக்க முத்திரை ஆகியிருந்தது. மாவு சவுக்காரத்தைப் போட்டு ஏமாந்து ஏமாந்து, அந்தக் கறுப்புப் பொட்டைத்தான் ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள். சரக்கு அப்படியே தேங்கிக் கிடக்கிறது, தவுக்கே முகம் கறுக்கிறது, எனக்கோ உள்ளுக்குள் கும்மாளம். அடக்கிக்கொள்ள முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

தவுக்கே என் பக்கம் பார்க்காமலேயே பேசினார். "பழைய கட்டை இருக்கா?"

இல்லை. தேங்காய் எண்ணெய் ஊறி ஊறி அது பொதபொதவென்று உப்பிப் பறவையும் இல்லாமல் கறையும் இல்லாமல் போயிருந்தது. மிச்சம் இருந்தது வலது சப்பாத்து மட்டும். ஒரே குதிகால், ஒரே தடவைதான் செதுக்க முடியும்.

"அடுத்த ஞாயிறு கொண்டாறேன். கூடைக்காரம்மா வாங்கிட்டா இந்த வேலை எனக்குத்தான். மாசாமாசம் அரிசி. சாப் மாத்துறதா இருந்தா என்னைக் கேக்கணும்," என்றேன்.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. அவர் சரி என்றார்.

அந்த வாரம் நான் பட்ட அவஸ்தையும் சந்தோஷமும் எனக்குத்தான் தெரியும். தெரியாமல் விழுந்த கறையைத் தெரிந்து செதுக்குவது லேசில்லை. இடது ஓரம் கொஞ்சம் பிசிறும், வலது ஓரம் வழுவழுவென்று ஓடும், நடுவில் ஒரு வெள்ளைக் கீறல். பழைய தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, மழை வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிப் பார்த்துப் பார்த்துக் கரித்துண்டால் தரையெல்லாம் கறை வரைந்தேன். கொக்குக்குக் கால் போட இதுதான் கடைசி வாய்ப்பு என்பதும் தெரிந்தேதான் இருந்தது. பிளேடைக் கால் பக்கம் கொண்டுபோனேன். கூடைக்கார அம்மாவின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. பிளேடைத் திருப்பினேன். கழுத்தை மட்டும் கொக்குக் கழுத்தாகவே விட்டேன். அதை யாரும் கேட்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போர்டு எழுதுகிறவரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கூடைக்கார அம்மா கட்டியை எடுத்தாள். திருப்பினாள். கட்டைவிரல் கறையின்மேல் போய் நின்றது. இடது ஓரத்தைத் தடவினாள், வலது ஓரத்தைத் தடவினாள், கூடைக்குள் போட்டாள். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் எடுத்துப் போட்டாள்.

போர்டு எழுதுகிறவர் என் கட்டையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். "இவ்வளவு அசிங்கமா என்னால செதுக்க முடியாதும்மா," என்றார். அவர் சொன்னது முழுக்க முழுக்கப் பாராட்டுதான். அன்று சாயங்காலம் தவுக்கேயின் அரிசிப் பையைச் சுமந்துகொண்டு லயத்துக்கு வந்தேன். அம்மா அதைப் பானையில் கொட்டி, கையை விட்டு அளைந்து பார்த்தது.

மறுநாள் காலை பீடோங்குக்குக் கிளம்பினேன். வழி பெரட்டு நடக்கும் இடத்தைத் தாண்டித்தான் போகும். எல்லாரும் கத்தியோடு வரிசையில் நின்றார்கள். மண்டோர் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து என் பெயரையும் கூப்பிட்டார். வலது சப்பாத்தின் குதிகாலைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நான் ஓரமாக நின்றேன்.

அம்மா வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தது.

"அவ வரமாட்டா மண்டோரே. எம்மவளுக்கு வாத்து வேலை இருக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை; பதிலுக்கு மண்டோரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. கொக்கு என்று திருத்த நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு வேலைக்கு நடந்தேன்.