லைனுக்கு அந்தாண்ட போன எங்கள் தெரு

எங்கள் நகராட்சியில் நான் ஒரு வார்டு உறுப்பினர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் கட்சி என்னை நிறுத்தியது. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று மன்றக் கூட்டத்தில் மைக் முன்னால் உட்கார்ந்தேன். வாய் ஜாஸ்தி என்று ஊரில் எனக்குப் பெயர். தண்ணீர் வராத நாளில் ஆணையர் அறைக்கே போய்க் கத்தியிருக்கிறேன். அந்த வாய் உலர்ந்துபோனது வார்டுகளை மாற்றிப் பிரிக்கும் கூட்டத்தன்றுதான்.

மன்றத்தின் சுவரில் இரண்டு வரைபடங்கள் ஒட்டியிருந்தார்கள். மக்கள்தொகை சமமாக வரவேண்டுமாம், அதற்காக இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டில் எது வேண்டும் என்று மன்றம் கருத்துச் சொல்லி அனுப்ப வேண்டும். முதல் வரைபடத்தில் எங்கள் தெருவைப் பிய்த்து, ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வார்டோடு சேர்த்திருந்தார்கள். 

எங்கள் தெருவின் முதுகில்தான் ரயில் லைன். அந்தப் பக்கம் தோல் பதனிடும் டேனரிகளும் பள்ளிக்கூடமும். அந்த வார்டின் வாக்குச்சாவடி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வரும். எங்கள் தெருப் பக்கம் ரயில்வே கேட்டு கிடையாது, சுரங்கப்பாதை கிடையாது. ஊர்க்கோடியில் இருக்கும் கேட்டு வழியாகப் போகவேண்டுமென்றால் பாதி ஊரைச் சுற்ற வேண்டும். யார் சுற்றுவார்கள்? ஜல்லி மேல் ஏறி, தண்டவாளத்தைத் தாண்டி, எல்லாரும் நேராகத்தான் போவார்கள். போன வருஷம் அதே இடத்தில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் அடிபட்டுச் செத்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

என் வீட்டுக்காரருக்குக் கேட்காது. டேனரியில் தோல் சுழலும் பெரிய மர டிரம்முகளுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்து, செவி மழுங்கிவிட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும், வேலை நேரத்துக்கு ஊதும் கம்பெனிச் சங்கு கேட்கும். அவ்வளவுதான். காலையில் வேகமாகப் போகும் ரயில் ஒன்று உண்டு. அது போன கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதும். சங்கு ஊதியதும் தெருவே டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கும்பலாக லைனைத் தாண்டும். அந்தக் கும்பலில் அவரும் போய்விடுவார் என்ற தைரியத்தில்தான் நான் இத்தனை நாள் அடுப்படியில் நிம்மதியாக இருந்தேன்.

ஓட்டுப் போடுகிற அன்று கம்பெனிக்கு லீவு. சங்கு ஊதாது, கும்பலும் இருக்காது. இவரோ ஜுரம் வந்தாலும் ஓட்டை விடுகிற மனிதர் இல்லை. தெருவில் முதல் ஆளாகப் போய் மை வைத்த விரலைக் காட்டிக்கொண்டு வருவார். அன்று அவர் தனியாகத்தான் அந்த ஜல்லி மேல் ஏறுவார்.

எழுந்து பேசினேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, அப்படி நடுங்கியது. “நடுவுல ரயில் லைன் இருக்குதுங்க. ஜனங்க எப்படிங்க தாண்டுவாங்க?”

வரைபடம் போட்ட அதிகாரி நிமிரவே இல்லை. “லைனைத் தாண்டறதே சட்டப்படி தப்பு மேடம். கேட்டு வழியா போகச் சொல்லுங்க.”

“அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள்தானேம்மா,” என்றார் தலைவர்.

“சாவறதுக்கு ஒரு நாள் போதும்ங்க,” என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பாவிகள்.

இரண்டாவது வரைபடத்தை எடுத்துக்கொண்டால் எங்கள் தெரு தப்பிக்கும். அதைத்தான் கேட்கப் போனேன். பக்கத்து நாற்காலியில் இருந்த உறுப்பினர் என் முழங்கையைத் தொட்டார். லைனுக்கு அந்தப் பக்கத்து வார்டுக்காரர் அவர். கூட்டத்துக்குக் கூட்டம் எனக்கும் சேர்த்து ஏலக்காய் டீ ஃபிளாஸ்க்கில் கொண்டுவருகிற பெண். “அக்கா, அந்த மேப்புல எங்க ஜனங்க ஓட்டுப் போட லைனைத் தாண்டி இந்தாண்ட வரணும். எங்க மாமியாருக்குக் கண்ணு சுத்தமா தெரியாது,” என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கை தூக்கச் சொன்னார்கள். முதல் வரைபடத்துக்குத்தான் கைகள் ஜாஸ்தி. அந்தப் பெண்ணின் கையும் அதில் இருந்தது. கோபம் வந்தது. ஆனால் திட்ட வாய் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார், “இன்னா ஆச்சு மீட்டிங்கு?” அவரிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. கெட்ட செய்தியையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். எங்கள் தெரு லைனுக்கு அந்தாண்ட போய்விட்டது என்று நான் கத்தியதைக் கேட்டு எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் மட்டும் பதறவில்லை.

“ஓட்டு அன்னிக்கும் சங்கு ஊதச் சொல்லிடு. அவ்ளோதான.”

“சங்கு ஊதி இன்னா பண்றது?”

“சங்கு ஊதுனா ரயில் வராது இல்ல? ரயில்காரங்ககிட்ட சொல்லிட்டுதான ஊதறாங்க.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. “தாண்டறப்ப ரெண்டு பக்கமும் பாக்க மாட்டீங்களா?”

“எதுக்கு? அதான் ஊதிட்டாங்களே.”

சங்கு கம்பெனிக் கடிகாரத்தைப் பார்த்து ஊதுகிறது. ரயில் போய்விட்டதா, இன்னும் வரவேண்டுமா என்று அதற்கு எப்படித் தெரியும்? ரயில் லேட்டான நாட்களில் முன்னால் போகிறவர்கள் நின்றிருப்பார்கள், பின்னால் வந்த இவரும் நின்றிருப்பார். ஒருநாள் இவர் முன்னால் போயிருந்தால்? ஐந்து வருஷத்துக்கு ஒரு நாளை நினைத்து நான் மன்றத்தில் நடுங்கியிருக்கிறேன். இந்த மனிதர் தினம் தினம் தலையைக்கூடத் திருப்பாமல் போய் வந்திருக்கிறார்.

தொண்டை கிழியக் கத்தி விளக்கினேன். அவர் சிரித்தார். “இத்தினி வருஷமா எனக்கு இன்னா ஆயிடுச்சு?”

மறுநாள் காலை அடுப்பை அணைத்துவிட்டு நானும் கூடப் போனேன். ரயில் போனதா என்று யாரைக் கேட்டாலும் போயிருக்கும் என்றுதான் சொன்னார்கள். பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சங்கு ஊதியது. அவர் எல்லாருக்கும் முன்னால் ஜல்லியில் கால் வைத்தார். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“உடு, பேஜார் பண்ணாத, டைம் ஆவுது,” என்று ஊரே கேட்கும்படி கத்தினார். நான் லைனின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றேன். பிடியை விடவில்லை.