வாசிக்கத் திணறும் மகளோடு கொல்கத்தாவில் இரண்டு நாள்

வழக்கமாக இந்தத் தளத்தில் ரயிலும் சாப்பாடும்தான் இருக்கும். இந்தப் பயணத்தை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். மகளிடம் கேட்டேன். "எழுதுப்பா, ஆனா நான் அழுததை எழுதாதே" என்றாள். பிறகு அவளே, "சரி, கொஞ்சமா எழுது" என்றாள். அந்த அனுமதியோடு எழுதுகிறேன். இதே காரணத்துக்காகக் கொல்கத்தா கிளம்பும் பெற்றோர் யாருக்காவது உதவும்.

நாங்கள் துர்காப்பூரில் இருக்கிறோம். நான் ஒரு பொதுத்துறை ஆலையில் பராமரிப்புப் பிரிவு. மனைவி சுகந்திக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. மகள் கயல் அப்போது நாலாம் வகுப்பு. அக்கம்பக்கத்து வங்காளிகளுக்கு அவள் 'கோயேல்'. அந்தப் பெயர்தான் அவர்கள் வாயில் நுழைகிறது.

கயல் வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். எழுதச் சொன்னால் போச்சு. b, d இடம் மாறும். பலகையைப் பார்த்து எழுதும்போது வரிகள் காணாமல் போகும். ஒரு பத்தி வாசிப்பதற்குள் வியர்த்துவிடும். கவனக்குறைவு என்றுதான் நான் நினைத்தேன். ஒருநாள் 'because' என்பதை ஐம்பது தடவை எழுத வைத்தேன். விதவிதமாய்த் தப்பாக எழுதிக்கொண்டு வந்தாள். நான் கத்தினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

போன நவம்பரில், காளி பூஜை விடுமுறை முடிந்த வாரம், வகுப்பு ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். முறையான மதிப்பீடு செய்து அறிக்கை கொடுத்தால் தேர்வில் ஏதாவது வழி பார்க்கலாம், இல்லையென்றால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருக்க வேண்டிவரும் என்றார். விசாரித்ததில் கொல்கத்தா பாலிகஞ்சில் ஒரு சிறப்புக் கல்வி மையம் இருப்பது தெரிந்தது. போன் செய்து, பதினெட்டு நாள் கழித்து வர நேரம் வாங்கினோம். சுகந்திக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவும் மகளும் மட்டும் கிளம்பினோம்.

காலை 6.40 வண்டி. ஹவுரா சுமார் 170 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். கயலின் பையைத் தூக்கியபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல் மாதிரி கனத்தது.

"ரெண்டு நாளைக்கு எதுக்குடி போர்வை? ஸ்வெட்டர் மூணு?"

"குளிரும்ல" என்றாள். ஜன்னலோர இடத்துக்கு எப்போதும் சண்டை போடுகிறவள், அன்று நான் காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள்.

9.10-க்கு ஹவுரா. டாக்சி வரிசையைப் பார்த்து மலைக்காதீர்கள். நிலையத்தை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது. ஆற்றுக்கு அடியில் புகுந்து எஸ்பிளனேடு போய், அங்கே வண்டி மாறினால் ரவீந்திர சரோபர் நிலையம். இரண்டு வண்டிக்கும் சேர்த்துத் தலைக்கு முப்பது ரூபாய்கூட ஆகவில்லை. ஆற்றுக்கு அடியில் போகும்போது சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் வரும், முக்கால் நிமிடம்தான். பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போட்டார்கள். கயல் என் சட்டை நுனியைப் பிடித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கியது அதற்குப் பக்கத்திலேயே லேக் கார்டன்ஸில், என் பெரியப்பா மகள் ராஜி அக்கா வீட்டில். கல்யாணம் ஆனதிலிருந்து அக்காவுக்கு அதே ஃபிளாட்தான். இட்லியை வைத்துவிட்டுக் கயலின் முகத்தையே பார்த்தாள்.

"என்னடா இவ, வாயே திறக்க மாட்டேங்கிறா? பயமுறுத்தி கூட்டிட்டு வந்தியா?"

"நான் ஒண்ணுமே சொல்லலக்கா."

"அதான் கேக்குறேன். ஒண்ணுமே சொல்லலையா?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு மத்தியானம்தான் விளங்கியது.

லேக் கார்டன்ஸிலிருந்து பாலிகஞ்சுக்கு டாக்சியில் இருபது நிமிடம். மையம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இரண்டு மணிக்கு எங்கள் முறை. முதல் ஒரு மணி நேரம் பெற்றோரோடு மட்டும். சிறப்புக் கல்வி ஆசிரியை ஷர்மிளாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் ஷர்மிளா தீதி, அதாவது அக்கா. நாங்கள் பேசியதெல்லாம் வங்காளத்தில், தமிழில் தருகிறேன். பிறந்தபோது எடை எவ்வளவு, எப்போது பேசினாள், கண்ணும் காதும் சோதித்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "வீட்டில் என்ன மொழி?" என்றார்.

"வீட்டில் தமிழ். விளையாட வங்காளம். பள்ளியில் ஆங்கிலம். டிவி பார்க்க இந்தி."

"அவளாகக் கதை சொன்னால் எந்த மொழியில் சொல்வாள்?"

எனக்குத் தெரியவில்லை. அவள் கதை சொல்லி நான் கேட்டதே இல்லை. அதை அப்படியே சொன்னேன். அவர் திட்டவில்லை, குறித்துக்கொண்டார்.

அடுத்து கயலின் முறை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்றாள். நான் கெஞ்சினேன், குரலை உயர்த்தினேன். ஷர்மிளா தீதி என்னைக் கையமர்த்திவிட்டு வாசற்படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கயலே மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாகே ஏகானே ரேகே ஜாபே?"

என்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவாங்களா? அதைத்தான் கேட்டாள். பிறகு கேட்டதில் தெரிந்தது: சுகந்தி தன் தங்கையிடம் போனில், "அங்கயே சேர்க்கச் சொன்னா சேர்த்துட வேண்டியதுதான்" என்று சொன்னது பாதி காதில் விழுந்திருக்கிறது. வாரம் ஒருநாள் வகுப்பில் சேர்ப்பதைப் பற்றிய பேச்சு அது. இவள் ஹாஸ்டல் என்று எடுத்துக்கொண்டாள். போர்வையும் மூன்று ஸ்வெட்டரும் அதற்குத்தான். பத்து நாளாக யாரிடமும் கேட்காமல், தானே மூட்டை கட்டி, என்னோடு ரயிலேறி வந்திருக்கிறது என் பிள்ளை.

நானும் படியில் உட்கார்ந்தேன்.

"உன்னை விட்டுட்டு நான் எங்கடி போவேன்? நாளைக்குச் சாயங்கால வண்டிக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன், பாரு." மொபைலில் காட்டினேன். தன் பெயரை விரல் வைத்துத் தேடினாள். கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தேன்.

"நான் இதுல ஃபெயிலானா?"

"ரெண்டு பேரும் பிரியாணி சாப்பிட்டுட்டு ஊருக்குப் போவோம்."

"பாஸானா?"

"அப்பவும் பிரியாணிதான்."

"ஆலு இருக்குமா?"

"உருளைக்கிழங்கு இல்லாம கொல்கத்தாவுல பிரியாணியா?"

கொஞ்சம் அழுதாள். கொஞ்சம்தான். பிறகு உள்ளே போனாள்.

முதல் நாள் ஒன்றரை மணி நேரம், மறுநாள் காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை. இரண்டாம் நாள் வெளியே வந்தவள் வாய் ஓயவில்லை. அவளை மணல் தட்டில் விளையாட விட்டுவிட்டு ஷர்மிளா தீதி என்னைக் கூப்பிட்டார். டிஸ்லெக்ஸியா. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எழுத்தையும் ஒலியையும் சேர்க்கும் வேலை அவளுக்குக் கடினமாக இருக்கிறது, பழக்கினால் முன்னேறுவாள் என்றார். பிறகு இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று கயல் எழுதிய கதை. நாலு வரி, பாதி புரியவில்லை. மற்றது அதே கதையை அவள் வாயால் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்டது. மூன்று பக்கம். வங்காளத்தில் ஆரம்பித்து நடுவில் தமிழுக்குத் தாவியிருந்தாள். தமிழ் வார்த்தைகளைத் தீதி கேட்டபடியே வங்காள எழுத்தில் குறித்திருந்தார்.

ஆற்றில் ஒரு மீன். அடியில் தடதடவென்று ஏதோ போகிறது. பூகம்பம் என்று மற்ற மீன்கள் ஓட, இது மட்டும் மண்ணில் காதை வைத்துக் கேட்கிறது. உள்ளே பிள்ளைகளின் கூச்சல் கேட்கிறது. ஓ, பள்ளிக்கூடம் போகிறார்கள் போல, பாவம், என்று நினைக்கிறது.

வாசித்துவிட்டுச் சிரித்தேன். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன். "கோயேலின் அப்பா, தண்ணீர் குடியுங்கள்" என்றார் அவர்.

வீட்டில் செய்ய அவர் சொன்னவை எளியவை. தினம் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தட்டில் ரவையைப் பரப்பி எழுத்தை விரலால் எழுதி, ஒலியையும் சொல்ல வேண்டும். அட்டையில் ஒரு வரி அளவு துளை வெட்டி, அதன் வழியாக வாசிக்க வேண்டும். தண்டனையாக எழுத வைப்பது கூடவே கூடாது. பள்ளி மொழியின் எழுத்து முதலில் நிலைக்கட்டும், தமிழ் எழுத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்றார். அந்த வருஷம் அ, ஆ தொடங்கலாம் என்று இருந்தேன். மனசு வலித்தது. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ என்னவோ, "எழுத்தைத்தான் தள்ளச் சொன்னேன், பேச்சை இல்லை. தமிழில் கதை சொல்லுங்கள், வாசித்துக் காட்டுங்கள்" என்றார்.

பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, தமிழ்க் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட்டில் அரைக் கிலோ காபித்தூள் வாங்கிக்கொண்டு மாலை வண்டி பிடித்தோம். வர்த்தமான் நிலையம் தாண்டியதும் கயலிடம் சொன்னேன். "அன்னைக்கு ஐம்பது தடவை எழுத வச்சேன்ல, அது அப்பா பண்ணின தப்பு."

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாப்பத்தெட்டுதான்பா எழுதினேன். நீ எண்ணவே இல்ல."

இனி கிளம்புகிறவர்களுக்கு. கண், காது சோதனை அறிக்கைகளை முதலிலேயே எடுத்துவிடுங்கள். இல்லாமல் போனால் திருப்பி அனுப்பக்கூடும். பள்ளி நோட்டுகளைத் திருத்தாமல் அப்படியே கொண்டுபோங்கள், தப்புகள்தான் அவர்களுக்கு வேண்டும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், பிள்ளை சோர்ந்துவிடும். எங்களுக்குக் கட்டணம் 4,500 ரூபாய், எழுத்து அறிக்கை மூன்று வாரம் கழித்து வந்தது. வாராந்தர வகுப்பை வீடியோவில் வைத்துக்கொள்ளலாம், நாங்கள் மாதம் ஒருமுறைதான் நேரில் போகிறோம். பெரிய வகுப்புத் தேர்வுகளில் கூடுதல் நேரமோ, பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தருபவரோ வேண்டுமென்றால் எந்தச் சான்றிதழ் செல்லும் என்று பள்ளியிடமும் தேர்வு வாரியத்திடமும் முன்பே கேளுங்கள். தனியார் அறிக்கை மட்டும் போதாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், எங்கே போகிறோம், எதற்கு, எப்போது திரும்புவோம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். எனக்குத் தோன்றாமல் போனது அதுதான்.

அறிக்கையைப் பார்த்த பள்ளி, ஆண்டுத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தது. இரண்டு பாடங்களில் வாய்மொழியாகக் கேட்டார்கள். கயல் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ஆங்கிலக் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் வாசிக்கப் பதினொரு நிமிடம். இரண்டு இடத்தில் நின்றாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பக்கம் முடிந்ததும் புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

"அடுத்த பக்கம் நீ வாசி. தமிழ்ல."

வாசித்தேன்.