நான்கு அங்குலம் தாழ்ந்த மேடை

ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். கோர்வையாக எழுத வராது, நடுநடுவே மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் சமையலறை ஆணியில் தொங்குகிற பனியன் துணி மறக்கவில்லை. கம்பெனியில் வெட்டியது போக மிஞ்சும் வேஸ்ட்டில் ஒரு நீளத் துண்டு. வெள்ளையாக இருந்தது, பழுத்துவிட்டது. நடுவில் ஒரு முடிச்சு.

அதன் முனையை மிதித்துக்கொண்டு நின்றவர் எங்கள் சூப்பர்வைசர் அக்கா. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் பிசிறு வெட்டப் போன காலத்தில், யாரிடமும் வாய் திறக்காத என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். "இந்த அம்மிணி வாய ஆரோ ஓவர்லாக் தையல் அடிச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்று கேலி செய்வார். வேறு யாரும் என்னைக் கேலி செய்ய விடமாட்டார்.

என் வீட்டுக்காரர் சின்ன அளவில் இடம் வாங்கி, வீடு கட்டி விற்பவர். அக்கா வேலையை விட்ட சமயம் எங்களிடமே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டார். சமையல் மேடை கட்டுகிற நாளில் வந்தவர் என்னை ஓரமாக அழைத்தார். "எனக்குத் தோள்பட்டை எந்திரிக்கறதில்லைன்னு உனக்குத் தெரியுமல்லோ. உங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லி மேடையக் கொஞ்சம் எறக்கிப் போடச் சொல்லு கண்ணு."

டேப் வைத்திருந்த மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். கை துடைக்கக் கிடந்த வேஸ்ட் துணியை எடுத்தேன். அக்கா கால் கட்டைவிரலால் ஒரு முனையை மிதித்துக்கொண்டார். அவர் கை வலியில்லாமல் நின்ற உயரத்தில் நான் முடிச்சுப் போட்டேன்.

"எதுக்கும் ஒரு வரி எழுதி வாங்கிக்கலாமா?" என்றார் என் வீட்டுக்காரர். "அவங்ககிட்டப் போயி எழுதி வாங்கறதுங்களா?" என்றேன். அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

வீடு முடிந்து, பத்திரத்துக்கு நாள் குறிக்கிற நேரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தப்படி கட்டவில்லை, வீடு வேண்டாம், முன்பணம் திரும்ப வேண்டும். முதல் குறையாக எழுதியிருந்தது, சமையல் மேடை வரைபடத்தில் உள்ளதைவிட நான்கு அங்குலம் தாழ்வு என்பது. அக்காவின் மகன் கோயமுத்தூரில் வேறு வீடு பார்த்துவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லியிருந்தால் நாங்களே விட்டுக்கொடுத்திருப்போம்.

பேசித் தீர்க்க அவர்களுடைய வக்கீல் ஆபீசுக்குப் போனோம். துணியை மேசைமேல் வைத்தேன். வக்கீல் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"பனியன் துணிங்களேம்மா. இழுத்தா எவ்வளவுக்கு வேணாலும் வருமுங்களே."

இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "நான் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லீங்க" என்றார், வக்கீலைப் பார்த்து. மிதித்தது உங்கள் கால்தானே அக்கா என்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை. வராது என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மேடைகூட அளந்து கட்டத் தெரியாதவர் என்ற பேச்சு என் வீட்டுக்காரர்மேல் ஒட்டிக்கொண்டது. வீடு பார்க்க வந்த பெண்கள் மேடைமுன் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் நாங்களே குடிவந்தோம். இடித்து உயர்த்தலாம் என்றார் அவர். வேண்டாம் என்றேன், அது இரண்டாவது தடவை. குனிந்து குனிந்துதான் சமைக்கிறேன்.

எந்த வருடம், எந்த மாதம் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேடையையும் வந்து பாருங்கள். துணியை இழுக்காமல் தொங்கவிட்டால் முனை தரையைத் தொடுகிறது, முடிச்சு மேடை விளிம்பில் நிற்கிறது. அக்காவே வந்தாலும் சரி. முனையை மிதித்துக்கொண்டு நின்றால் போதும்.