ஆள் இருந்தால் எரியும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் பாதி அதனால் நடந்தது. திண்டுக்கல்லில் ஒயரிங் வேலை பார்த்தே காலத்தைத் தள்ளியவன் நான். மனைவி இருந்தவரை அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளவும் திருப்பிக் கொடுக்கவும் வீட்டில் ஆள் இருந்தது. அவள் செத்துப்போன பிறகு, பிள்ளைகளும் இல்லாத வீட்டில், யாரைத் திட்டுவது? காலையில் வாயைத் திறந்தால் பல் விளக்கத்தான்.

அந்த நாட்களில் மனுஷர்களோடு எனக்குப் பேச்சு இருந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறக்கிறவர்கள் எதிரில் இருப்பவரைக் கூப்பிடாமல் திறக்க மாட்டார்கள். எந்த வேலைக்குப் போனாலும் ஒரு மணி வாக்கில் யாராவது "வாங்கண்ணே, சாப்பிடலாம்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வேலைக்கே போனேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில், செல்ஃபோன் எல்லார் கைக்கும் வந்துவிட்டிருந்த சமயம், ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லின் ஆபீஸில் வேலை கிடைத்தது. சின்ன முதலாளி எங்கோ வெளிநாடு போய்விட்டு வந்திருந்தார். அங்கே ஆள் நுழைந்தால் விளக்கு தானாக எரிகிறது, போனால் தானாக அணைகிறது, நம் ஆபீஸிலும் அப்படி வேண்டும் என்றார். பெட்டி பெட்டியாக சென்சார்கள் வந்து இறங்கின. கவிழ்த்து வைத்த இட்லி மாதிரி வெள்ளையாக ஒன்று. ஃபால்ஸ் சீலிங்கில் வட்டமாக ஓட்டை போட்டு அதைப் பதிக்க வேண்டும். மூடியைக் கழற்றினால் உள்ளே சின்னதாக இரண்டு திருகு. ஆள் அசைவு நின்று எவ்வளவு நேரம் கழித்து விளக்கு அணைய வேண்டும் என்பதற்கு ஒன்று, எவ்வளவு சின்ன அசைவுக்கு அது விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இன்னொன்று. கீழே யாராவது அசைந்தால் அதில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும். மினுக்கினால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

முதல் நாள் பழைய ஒயரை இழுத்துப் பார்ப்பதிலேயே போனது. மத்தியானம் அங்கே கணக்குப் பார்க்கிற அம்மா ஒருவர் வந்து கூப்பிட்டார். அகரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர், ஐம்பது வயதிருக்கும். பின்னறையில் நீளமான மேஜை. எல்லா டப்பாவும் நடுவில் வந்துவிடும், பொரியலோ கூட்டோ, யார் வீட்டு வெஞ்சனம் யார் தட்டில் என்று கணக்கே கிடையாது. நான் ஹோட்டல் பொட்டலத்தைப் பிரித்ததும், "என்னண்ணே, வெறும் சாம்பார் சோறா திங்கிறீக?" என்று சொல்லி இலையில் வெண்டைக்காய்ப் பொரியலை அள்ளி வைத்தார். கன்னிவாடியிலிருந்து வருகிற டைப்பிஸ்டுக்கு வாய் ஓயாது. ஆபீஸ் முழுக்க அவர் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டது. அன்றைக்கு நானும் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் முதல் சென்சாரை மாட்டும்போது கண்ணில் ஜிப்சம் தூள் விழுந்துவிட்டது. ஏணியில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறேன், கீழேயிருந்து அந்த அம்மா, "இது என்னத்துக்குண்ணே?" என்று கேட்டார். "உங்க முதலாளியைப் போய்க் கேளுங்கம்மா, உசுர வாங்காம" என்று எரிந்து விழுந்தேன். அவர் திரும்பித் தன் மேஜைக்குப் போய்விட்டார். நான் கரண்டைக் கொடுத்தேன். சிவப்புப் புள்ளி மினுக்க ஆரம்பித்தது.

அன்றைக்கு ஒரு மணிக்கு யாரும் கூப்பிடவில்லை. மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். கதவு சாத்திய பின்னறையிலிருந்து டப்பா திறக்கிற சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. வராந்தாவில் ஒயர்ச் சுருள் மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒரு வார்த்தை கடுகடுத்ததற்கா இம்புட்டு? பாதிச் சோற்றை நாய்க்குப் போட்டேன். வீட்டுக்குப் போனாலும் இருட்டு, கதவைத் திறந்து சுவரைத் தடவி நான்தான் விளக்கைப் போட வேண்டும். அழுகை வந்தது, அதற்கும் கோபம்தான் வந்தது.

இதற்கு நடுவில் வேலையும் காலை வாரியது. உள்ளே ஆள் இருக்கும்போதே விளக்கு அணைகிறது என்று சின்ன முதலாளி கூப்பிட்டுச் சத்தம் போட்டார். திருகைக் கூட்டிப் பார்த்தேன். அப்படியும் அணைந்தது. சென்சாரை மாற்றினேன். அணைந்தது. வெளங்குன மாதிரிதான் என்று தலையில் அடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு நாற்காலியை மூலையில் போட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன்.

ஒருவர்கூட அசையவில்லை! எல்லாரும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருக்கிறார்கள். கணக்கு அம்மா பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல முதுகை நிமிர்த்தியிருந்தார். வாயாடி டைப்பிஸ்டுக்கு விரல் மட்டும்தான் ஓடியது. விளக்கு அணைந்தால் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு இருட்டிலேயே இருந்தார்கள். திடீரென்று டைப்பிஸ்டுக்குத் தும்மல் வந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் பதறிப்போய் நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்து, "சாரி சார்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேமரா என்று நினைத்திருக்கிறார்கள்! போன மாதம்தான் கைரேகை வைத்து வருகைப் பதிவு செய்கிற மெஷினைக் கொண்டுவந்து வாசலில் மாட்டியிருந்தார் சின்ன முதலாளி. அடுத்ததாக இது. அதில் சிவப்பாக ஒரு கண் வேறு. கேட்டதற்கு முதலாளியைக் கேள் என்று சொன்னவன் முதலாளியின் ஆளாகத்தானே இருப்பான்.

ஏணியைப் போட்டு ஏறினேன். சென்சாரைப் பிடுங்கிக் கொண்டுவந்து கணக்கு அம்மாவின் மேஜையில் வைத்து மூடியைக் கழற்றினேன். "பாருங்க தாயி! இதுல கண்ணு இருக்கா, காது இருக்கா? உடம்புச் சூடு அசைஞ்சா லைட் எரியும், அம்புட்டுத்தான். நீங்க யாரு எவருன்னு அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது!"

"அப்ப அந்தச் சிவப்பு?"

"நீங்க அசைஞ்சா மினுக்கும். நீங்கதான் அசைய மாட்டேங்கிறீகளே!"

கணக்கு அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் டைப்பிஸ்ட் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி அண்ணே, ரெண்டு பக்கமும் சுளுக்கிக்கிட்டு வீட்ல தைலம் தேச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். ஆபீஸே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் மற்ற விளக்குகளெல்லாம் எரிந்துகொண்டே இருந்தன.

ஒரு மணிக்குக் கணக்கு அம்மா வராந்தாவுக்கே வந்து நின்றார். "வாங்கண்ணே, சாப்பிடலாம். உங்களை முதலாளி வச்ச ஆளுன்னு நெனச்சுட்டோம், மனசுல வச்சுக்காதீக." மேஜையில் உட்கார்ந்ததும் என் பொட்டலத்தைப் பார்த்து, "வீட்ல கட்டிக் குடுக்க மாட்டாகளா?" என்றார். "வீட்ல ஆள் இல்லம்மா" என்றேன். அவர் தன் டப்பாவிலிருந்து புளிக்குழம்பை என் இலையில் ஊற்றினார். வேலை முடிகிறவரை பொட்டலம் வாங்க விடவில்லை. காலையும் மாலையும் ஒன்றாகவே கிடந்த என் நாளுக்கு ஒரு மணி என்று ஒரு நேரம் வந்தது. நான் சத்தம் போட்டால் அவர்களும் திருப்பிச் சத்தம் போட்டார்கள். அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

கடைசி நாள் மிச்சமிருந்தது சாப்பிடுகிற அந்தப் பின்னறை சென்சார் ஒன்றுதான். ஏணியில் நின்று திருப்புளியைத் திருகில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நேரத்தைக் குறைத்து வைத்துவிட்டால் போதும். சாப்பிடும்போது விளக்கு அணையும். "அண்ணே, செத்த வந்து பாத்துட்டுப் போங்க" என்று ஃபோன் வரும். மாதத்துக்கு ஒரு தரம் வந்தாலும் போதுமே. கை வரவில்லை. சோறு தின்கிற இடத்தில் விளக்கு அணையலாமா? நேரத்தை முழுக்கக் கூட்டி வைத்து மூடியைப் போட்டேன். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் என் நம்பரைப் பெரிதாக எழுதினேன். "என்னன்னாலும் கூப்பிடுங்க, சின்ன ரிப்பேருன்னு யோசிக்காதீக" என்று எல்லாரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, வாரேன் என்று கிளம்பினேன்.

ஃபோன் வரவில்லை. மற்ற வேலைகளுக்குப் போனேன், சில இடத்தில் கூப்பிட்டார்கள், சில இடத்தில் கூப்பிடவில்லை. வெயில் காலம் போய் மழையும் வந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். பொறுக்க மாட்டாமல் நானே ஆபீஸுக்கு ஃபோன் போட்டேன். கணக்கு அம்மாதான் எடுத்தார்.

"லைட்டெல்லாம் எப்படி எரியுதும்மா?"

"அருமையா எரியுதுண்ணே. ஒரு குறை கிடையாது. இம்புட்டு நாள்ல ஒரு தரம்கூட மக்கர் பண்ணல."

பின்னால் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. டைப்பிஸ்ட் என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"சாப்பிட உக்காந்துட்டோம், வச்சுரட்டுமாண்ணே?"

இன்றைக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்க வாய்வரை வந்தது. "வச்சுருங்கம்மா" என்றேன்.