சந்தனத் தலை முட்டிய கண்ணாடி

வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்த மொட்டைப் பையனின் தலைச் சந்தனம் மணத்ததும் என் கோபம் இன்னும் ஏறியது. திருத்தணியில் என் அக்கா கணவர் பாவாவின் கடை அது. பழைய கேம் பெட்டியைக் குடைந்து, பிக்சர் டியூபை எடைக்குப் போட்டுவிட்டு, தட்டை டிவியை மாட்டியிருந்தார் பாவா.

என் சின்ன வயதில், கிருத்திகைக்கு மொட்டை போட்டு மலையிறங்கும் பிள்ளைகள் இதே பெட்டியில் ஆடுவார்கள். தோற்றால் டியூப் கண்ணாடியில் தலையை முட்டிக்கொள்வார்கள். பாவா ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கடை மூடும்முன் ஈரத்துணியால் துடைப்பார். சூடேறிய கண்ணாடியிலிருந்து சந்தன வாசனை கிளம்பும்.

“ஏன் பாவா இப்படிப் பண்ணீங்க? டியூப் நல்லாத்தானே எரிஞ்சுகினு இருந்துச்சு?”

“அப்பவும் உள்ளே கேம் போர்டை மாத்திகினுதானே இருந்தேன்? நீ ஒண்ணும் கேக்கலையே!”

“அப்போ ஆட்டத்தைத்தான் மாத்துனீங்க. பெட்டியைக் கொல்லலையே!”

“இதுல ஆயிரம் கேம் கீது. பசங்க வரணும்ல?”

அதற்குள் ஆட்டத்தில் தோற்ற பையன், புதுத் திரையில் நெற்றியை முட்டினான். பாவா பாய்ந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தார்.

“தலையை எடுடா! ஸ்கிரீன் போயிடும்!”

பையன் மிரண்டு தெருவில் இறங்கி ஓடினான்.

“பசங்க வரணும்னீங்களே பாவா,” என்றேன். “அதோ போறான், பாருங்க.”