என் வாயில் வராத எழுத்து

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் கெர்லிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக, இருந்தேன். கோலசிலாங்கூரில் மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ், சலவை செய்த இரண்டு சட்டை, ஒரு பைபிள். இவ்வளவுதான் என் சொத்து. ஆபீசில் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் பெரிய துரை. இன்னொருவர் சின்னத் துரை, அவருக்கு என் வயதுதான். எந்த மரம் பால் தரும், எது தராது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும், போகும்வரை உட்காரக் கூடாது. கறுப்புத் தோல் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு 'எஃப்' எழுத்து சரியாக வராது. ஃபீல்டு என்று சொல்லப் போனால் பீல்டு என்றுதான் வரும். சேர்ந்த முதல் வாரமே சின்னத் துரை அதைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் உள்ளே நுழைந்தாலே "பீல்டு, பீல்டு" என்று வாத்து மாதிரி கத்துவார். பெரிய துரை பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார். பெரிய கிராணியும் சிரிப்பார், பாவம், வேலை போய்விடக் கூடாதே என்று. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

தோட்டத்து ஆபீசில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா? நான் ஓட்டினேன். மரங்கள் என்பேன், எஸ்டேட் என்பேன், ஒன்றும் கிடைக்காவிட்டால் ஜன்னல் பக்கம் கையைக் காட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான் சோற்றுக்குக் கட்டுப்பாடு வந்தது. மலைக்காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அதனால் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கையில் கொண்டுபோகக் கூடாது. முள்வேலி வாசலில் சோதனை. பெண்களின் முந்தானையைக்கூட உதறிக் காட்டச் சொன்னார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றோடு போகிறவர்கள் மத்தியானம் தாண்டித்தான் லயத்து வீடுகளுக்குத் திரும்புவார்கள். ஒரு நாள் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பால் வாளியோடு மயங்கி விழுந்தாள்.

அதற்குப் பிறகு பெரிய துரை எல்லோரையும் ஆபீஸ் வாசலில் கூட்டினார். அவருக்கு ஒரு பக்கம் சின்னத் துரை, மறுபக்கம் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி. மனசில் உள்ளதைப் பயப்படாமல் பேசலாம், பேசுகிறவர்களுக்கு ஒரு கெடுதலும் வராது என்றார். பெரிய கிராணி காய்ச்சலில் படுத்திருந்ததால் அந்த வாக்குறுதியைத் தமிழில் சொன்னவன் நான்தான்.

மயங்கி விழுந்தவளின் புருஷன் எழுந்தார். அதிர்ந்து பேசாத மனுஷன்.

"தொரை, காட்டுல நம்ம ஆளுங்க பசியில வாடுறாங்க. அவங்களுக்குச் சோறு கொண்டுபோக வுடணும். வேற ஒண்ணும் வேணாம்லா."

தோட்டத்து ஆட்களுக்குக் காடு என்றால் பால்மரக் காடு. வேலைக்குப் போவதையே காட்டுக்குப் போறேன் என்றுதான் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. இங்கிலீஷில் அதற்குச் சொல் ஃபீல்டு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சின்னத் துரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், உதட்டோரத்தில் சிரிப்பு தயாராக இருந்தது. அத்தனை பேர் முன்னால் அந்த வாத்துச் சத்தத்தைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. 'ஜங்கிள்' என்று சொல்லிவிட்டேன்.

ஆக, துரைகளின் காதில் விழுந்தது இதுதான்: மலைக்காட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் பட்டினி கிடக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு கொண்டுபோக எங்களை விடுங்கள்.

போலீஸ் அதிகாரி பேனாவைத் திறந்தார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. நான் நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, எழுந்து பேசிய அந்த மனுஷன் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலமே போலீஸ் லோரி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் பெரிய துரையிடம் போய் நின்றேன். தப்பு என்னுடையது, அவர் சொன்னது வேறு என்றேன்.

"சரி, எந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"பீல்டு" என்றேன்.

சின்னத் துரை மேசையில் தட்டிச் சிரித்தார். பெரிய துரை சிரிக்கவில்லை. "அன்றைக்குப் பொய் சொன்னாயா, இன்றைக்குப் பொய் சொல்கிறாயா? அன்றைக்குச் சொன்னது பொய் என்றால் நீயும் அவனோடு போகலாம்" என்றார். ஊரில் என் சம்பளத்தை நம்பியிருந்த அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குச் சொன்னதுதான் சரி என்றேன். அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சேதி வந்தது. கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவர் அவர். அங்கே அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது.

அன்று மத்தியானம் அவர் மனைவி, நிறைமாத வயிற்றோடு, ஆபீஸ் படிக்குக் கீழே வந்து நின்றாள். மேலே ஏறி வரச் சொன்னேன், வரவில்லை.

"கிராணி ஐயா, அவரு சொன்னத தொரைகிட்ட சரியாத்தான் சொன்னீங்களா?"

"சரியாத்தாம்மா சொன்னேன்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது போதுங்கையா. தொரைங்க பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தரு நிக்கிறாருன்னுதான் அவரு எந்திரிச்சுப் பேசுனாரு."